அஞ்சலையின் டின்

தம்பிராஜா பழுப்பு உறைகளுக்குப் பசை தடவி ஒட்டிக்கொண்டிருந்தார். எடின்பரோவுக்கு ஒன்று, கல்கத்தாவுக்கு ஒன்று, மணிலாவுக்கு இரண்டு. கட்டுரைப் பிரதி கேட்டு வந்த அஞ்சலட்டைகள் இன்னும் ஒரு கட்டு கிடந்தன. ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவச் சேர்ந்து பதினெட்டு வருஷம். கட்டுரை வெளிவந்ததிலிருந்து இந்தத் தபால் வேலையும் அவர் தலையில்தான்.

டாக்டர் கலியாணசுந்தரம் முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே வந்தார்.

"பதினாலு ஆச்சு தம்பிராஜா! லண்டன்ல வந்த புது சஞ்சிகையில நம்ம கட்டுரைய மேற்கோள் காட்டியிருக்காங்க. எனக்கு கோலாலம்பூருக்கு மாத்தலும் வந்திருச்சு. பெரிய பதவி."

"சந்தோஷம்ங்க ஐயா."

கட்டுரையின் கடைசிப் பக்கத்தில், நன்றி சொல்லும் வரியில், தம்பிராஜாவின் பெயரும் அச்சாகியிருந்தது. அதை ஒரே ஒரு தடவை பார்த்தார். அப்புறம் அந்தப் பக்கத்தைப் புரட்டவே இல்லை.

நாடு சுதந்திரம் வாங்கிய மெர்டேக்காவுக்கு முந்தின வருஷம் அந்தக் கட்டுரைக்கான ஆய்வு நடந்தது. காய்ச்சல் இல்லாமலே டைஃபாய்டு கிருமியைச் சுமந்துகொண்டு திரிகிறவர்கள் உண்டாம். காஜா பெராங் தெருவில் சாப்பாடு விற்கிறவர்களில் அப்படி யாராவது இருக்கிறார்களா என்று பார்க்க, டாக்டர் இருநூறு பேரின் மலம் கேட்டார். வீடு வீடாகப் போய்ச் சிகரெட் டின்னைக் கொடுத்து மறுநாள் வாங்கிவருவது தம்பிராஜாவின் வேலை. அதே தெருக்காரர் என்பதால் முகம் சுளித்தாலும் கொடுத்துவிட்டார்கள். முச்சந்தியில் தோசை சுட்டு விற்ற அஞ்சலை மட்டும் கொடுக்கவில்லை.

"சீ, போங்கண்ணே! பொம்பளகிட்ட வந்து கேக்கிற சாமானா இது?"

புருஷனை இழந்தவள். நடுத்தெருவில் நின்று அவளை வற்புறுத்த அவருக்கும் கூச்சமாயிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் இருநூறு சேரவேண்டும். அவள் பெயர் ஒட்டிய டின்னில் தன்னுடையதைப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

இருநூறில் அந்த ஒரு டின்னில்தான் கிருமி வளர்ந்தது.

சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து அஞ்சலையின் லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டு, தோசைக்கல்லையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். அவள் வெட்கத்தை எல்லாம் விட்டுவிட்டு, ஆறு மாதத்தில் ஐந்து தடவை தானே டின்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். ஐந்திலும் ஒன்றுமில்லை. "ஒளிஞ்சிருக்கு" என்றார் டாக்டர். மாதக்கணக்காக உடம்பில் ஒளிந்துகொள்ளும் கிருமி என்றுதான் கட்டுரை எழுதினார். அதைத்தான் உலகத்தில் பதினாலு பேர் எடுத்துக்காட்டிவிட்டார்கள். அஞ்சலை இப்போது சீன வீடுகளில் துணி துவைக்கிறாள்.

சொல்லிவிட வேண்டும் என்று தம்பிராஜா வீட்டைவிட்டுக் கிளம்பிய காலைகள் எத்தனையோ. ஆய்வுக்கூட வாசலை மிதித்ததும் வேலை போய்விடுமே என்ற பயம் வாயை அடைத்துவிடும். நேற்று அவள் ஒரு மனு எழுதிக் கொடுத்திருந்தாள். டாக்டர் கையெழுத்துப் போட்டால் லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும். அவரும் போய்விட்டால் அப்புறம் யாரிடம் கேட்பது? தம்பிராஜா பசைக் கையைத் துடைத்துவிட்டு மனுவை நீட்டினார்.

"இதுல நான் எப்படிப்பா கையெழுத்துப் போடறது? கட்டுரையே இவளை வச்சுத்தானே?"

"அந்த டின்னு அஞ்சலையோடது இல்லீங்க ஐயா. என்னோடது."

டாக்டர் போய்க் கதவைச் சாத்தினார்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லீங்க."

"சொல்லாதே. இத்தனை பேர் படிச்சு எழுதினப்புறம் இதைத் திரும்ப வாங்க முடியாது. என் பேர் கெடறதோட நிக்காது, உன் வேலையும் போகும், பென்ஷனும் போகும். புரியுதா?" மனுவை மடித்து அவர் கையிலேயே வைத்தார். "வீட்ல கையை சோப்பு போட்டு நல்லா கழுவிக்கோ."

"சரிங்க ஐயா."

அந்த 'சரி' எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது என்று நினைக்க நினைக்க அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. மிச்ச உறைகளையும் ஒட்டி முடித்து, தபாலில் போட்டுவிட்டுத்தான் கிளம்பினார்.

அஞ்சலை தன் வீட்டு வாசலிலேயே காத்திருந்தாள்.

"போட்டாரா அண்ணே?"

"இல்லம்மா." அவரால் நிமிர முடியவில்லை. "இன்னும் ஒளிஞ்சிருக்குன்னு சொல்றாரு."

அவள் முகம் வாடிப்போனது. அதைக் காட்டிக்கொள்ளாமல் சிரித்தாள். "சரி விடுங்க லா. நீங்க என்ன செய்வீங்க, பாவம். இந்தத் தெருவுல எனக்காக நடக்கிறது நீங்க ஒருத்தர்தான். இந்த வெயில்ல வந்திருக்கீங்க, ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க."

அவர் வேண்டாம் என்பதற்குள் உள்ளே போய், கடையில் வாங்கி வாளித் தண்ணீரில் போட்டிருந்த ஆரஞ்சு சோடாவை எடுத்து வந்தாள். பாட்டிலின் கழுத்தைத் துணியால் சுற்றிப் பிடித்திருந்தாள். மூடி திறக்கவில்லை. திறப்பானையும் பக்கத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

"நீங்களே தொறந்துக்குங்க அண்ணே. என் கை பட வேணாம்."

அவர் குடித்து முடிக்கும்வரை இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றாள்.