துப்பாக்கி முனையில் சோற்றுப் பசை

புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் எந்தப் போலீஸும் வானத்தைப் பார்த்துச் சுடக்கூடாது. அதற்காக டிசம்பர் இருபதாம் தேதியே சான் எலியோடோரோ காவல் நிலையத்தின் எல்லாத் துப்பாக்கி முனைகளிலும் டேப் ஒட்டி, அதன்மேல் மேஜர் அலிகாந்தே கையெழுத்துப் போட்டுவிட்டார். ஜனவரி இரண்டில் சோதனை. கிழிந்திருந்தால் வேலை காலி.

கார்ப்பரல் டாடோ பனிசாவின் டேப் கிழிந்திருந்தது. போதாக்குறைக்கு, புத்தாண்டன்று அவன் தெருவில் ஒரு தகரக் கூரையை எவனோ சுட்ட குண்டு துளைத்திருந்தது.

"சத்தியமா நான் சுடல சார். ரோந்துப் படகுல உப்புத்தண்ணி பட்டு டேப் உரிஞ்சு கிழிஞ்சிடுச்சு."

"அப்பவே வந்து சொல்றதுக்கென்ன? இதென்ன அடியில, வெள்ளையா?" என்றார் மேஜர்.

டாடோ தலையைச் சொறிந்தான். "சோறு சார். நசுக்கி ஒட்டினேன்."

"துப்பாக்கிக்குச் சோறு ஊட்டின முதல் ஆள் நீதான்யா!" என்றாள் ஆயுதக்கிடங்கு சார்ஜென்ட் மெர்லிண்டா.

மேஜர் சிரிக்கவில்லை. "திறந்து பாரு மெர்லிண்டா. இவன் சுட்டிருந்தா இன்னிக்கே பெல்ட்டைக் கழட்டிட வேண்டியதுதான்."

தோட்டாக்களை வெளியே எடுத்துவிட்டு, குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்தாள் மெர்லிண்டா. "கரி இல்ல சார்."

"துடைச்சிருப்பான்."

டாடோ மெர்லிண்டாவைப் பார்த்தான். துடைக்கவில்லை என்று எப்படி நிரூபிப்பது?

அவள் துப்பாக்கியின் மேல்பாகத்தைக் கழற்றி, தோட்டாவின் பின்புறத்தைக் குத்துகிற ஊசியை உருவி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"சார், இங்க பாருங்க. ஊசிக்கு முனையே இல்ல!"

உடைந்த இடத்தில் துரு கெட்டியாக மண்டிக் கிடந்தது.

"ஒரு மாசத் துரு சார் இது. டிசம்பர் பூரா இது வெறும் இரும்புத்துண்டு. இவன் நினைச்சிருந்தாலும் சுட்டிருக்க முடியாது."

மேஜர் இரண்டு முறை உற்றுப் பார்த்தார். "பொழச்சுப் போ," என்று கிளம்பிவிட்டார்.

டாடோ சுவரில் சாய்ந்தான். சிரிப்பு வந்தது. சட்டென்று நின்றது.

"மேடம்... இருபத்தாறாம் தேதி படகுத்துறையில கத்தியோட நின்னவனை இதைக் காட்டித்தான் மடக்கினேன்."

"அவனுக்கும் தெரியல, உனக்கும் தெரியல. அதனால உயிரோட நிக்கிற. ஊசியும் ஸ்பிரிங்கும் மாத்தணும் வான்னு ஆகஸ்ட்ல மூணு தடவை சொன்னேனே, வந்தியா?"

"சேவல் சண்டை பந்தோபஸ்து மேடம்..."

"பந்தோபஸ்தா? பந்தயம் கட்டப் போயிருப்ப!"

புது ஊசி, புது ஸ்பிரிங். கால் மணி நேரத்தில் மாட்டிக் கொடுத்தாள். நிலையத்தின் பின்னால் அடுக்கியிருந்த மணல் மூட்டைகளை நோக்கி டாடோ சுட்டான். ஐந்து தோட்டா, ஐந்தும் வெடித்தன. ஐந்தாவது சத்தத்துக்குப் பிறகுதான் அவனுக்கு மூச்சு முழுசாக வந்தது.