இன்ஜின் ஆற ஏழு நிமிடம்

எங்கள் பஸ் கம்பெனியில் கால அட்டவணை போடுகிற பிரிவில் மொத்தம் நாலு நாற்காலி. ஒன்று பிரிவுத் தலைவருடையது. அவர் ஓய்வு பெற்றுப் போனதிலிருந்து காலியாகக் கிடக்கிறது. ஒன்று கம்ப்யூட்டரில் பதிவு செய்கிற அக்காவுடையது. ஒன்று மயிலிறகுடையது. நாலாவது என்னுடையது. வேலை நடப்பது அந்த நாலாவதில்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை, வயிற்றெரிச்சலில் சொல்கிறேன்.

மயிலிறகு என்பது நாங்கள் வைத்த பெயர். யாரிடம் பேசினாலும் இறகால் வருடுகிற மாதிரிதான் பேசுவார். மேலாளர் தும்மினால் இவர் கைக்குட்டையை நீட்டுவார். மேலாளருடைய மகள் எந்த வகுப்பு, மாமியாருக்கு எந்த முழங்காலில் வலி என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. எங்கள் பஸ் எந்த வழியாகப் போகிறது என்பது மட்டும் தெரியாது. ஆபீசுக்குக் காரில் வருகிறவர்.

நான் பதினோரு வருஷமாக அட்டவணை போடுகிறேன். உட்கார்ந்த இடத்தில் போடுகிற வேலை இல்லை அது. ஒவ்வொரு தடத்திலும் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் ஏறி, டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து, எந்த சிக்னலில் எத்தனை நொடி நிற்கிறது, எந்த நிறுத்தத்தில் வயதானவர்கள் அதிகம் ஏறுகிறார்கள், எந்தப் பள்ளி எத்தனை மணிக்கு விடுகிறது என்று நோட்டில் குறித்துக்கொண்டு வருவேன். அப்புறம்தான் கட்டம் கட்டமாக நேரம் போடுவேன். போட்டு முடித்ததும் தாளின் அடியில் 'தயாரித்தவர்' என்று ஒரு கட்டம் இருக்கும். எங்கள் ஆபீஸ் வழக்கப்படி அதை நிரப்ப மாட்டோம். மேலே எல்லாரும் பார்த்து ஒப்புக்கொண்டபிறகு, அச்சுக்குப் போகிற அன்றைக்குத்தான் பெயர் ஏறும். யார் இந்த வழக்கத்தைக் கண்டுபிடித்தாரோ தெரியாது. அவர் சாதாரண ஆளாக இருந்திருக்க மாட்டார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அதில் எனக்கும் பங்கு இருக்கிறது, மறைக்கப் போவதில்லை. கடைசி நிறுத்தத்தில் பஸ் திரும்புவதற்கு முன்னால் ஏழு நிமிடம் நிற்கும். அந்த ஏழு நிமிடம் எதற்கு என்று பஸ் ஓட்டுகிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். டிரைவர் இறங்கி, சாலையைக் கடந்து, பொதுக் கழிப்பறையில் வரிசையில் நின்று, போய்விட்டு வர. ஆனால் ஆபீஸ் தாளில் அதை எப்படி எழுதுவது, அசிங்கமாக இருக்காதா என்று எனக்கு முன்னால் இருந்தவர்கள் அந்த இடத்தில் 'இன்ஜின் ஆற: 7 நிமிடம்' என்று எழுதினார்கள். நானும் வாயை மூடிக்கொண்டு அப்படியே எழுதினேன். பதினோரு வருஷம் எழுதினேன்.

இந்த வருஷம் பேட்டரி பஸ் வந்தது. மயிலிறகு என் அட்டவணையை எடுத்துப் புரட்டினார். பேட்டரி பஸ்ஸில் ஆறுவதற்கு இன்ஜினே இல்லையே என்று கண்டுபிடித்தார். ஏழு நிமிடத்தை வெட்டி மூன்றாக்கச் சொல்லி அக்காவிடம் கொடுத்தார். அக்கா மாற்றித் தட்டினார். அன்றைக்கு நான் இருபத்திரண்டாம் நம்பர் பஸ்ஸில் சிக்னல் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு நடைக்கும் நாலு நிமிடம் மிச்சம் என்று கணக்குப் பார்த்தால், பதினாலாம் நம்பர் தடத்தில் மட்டும் இரண்டு பஸ் குறைத்துவிடலாம் என்று வந்தது. மயிலிறகு அதை மேலே கொண்டுபோய் விளக்கினார். இயக்குநர் கை தட்டினாராம்.

தலைமை அலுவலகத்துக்குப் போன பிரதியில் 'தயாரித்தவர்' கட்டத்தில் மயிலிறகின் பெயர் இருந்தது. டிப்போக்களில் ஒட்டின பிரதியில் என் பெயர் இருந்தது. பாராட்டு வருகிற இடத்தில் அவர், வசவு வருகிற இடத்தில் நான். இப்படி ஒரே தாளுக்கு இரண்டு பெற்றவர்கள், அதில் ஒருத்தி நான் என்பதே எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அதுவும் என் வீட்டில் வைத்து.

என் வீட்டுக்காரர் அதே கம்பெனியில் டிரைவர். அதே பதினாலாம் நம்பர். இரண்டு வருஷமாகச் சர்க்கரை வேறு. அன்றைக்கு நான் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது பால்கனிக் கொடியில் அவருடைய யூனிஃபார்ம் பேன்ட் சொட்டச் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தது. இருபது வருஷக் குடித்தனத்தில் ஒரு கைக்குட்டையைக்கூடத் தானாகத் துவைத்தவர் இல்லை அவர்.

"என்னங்க, நீங்களா துவைச்சீங்க? என்ன ஆச்சு?"

சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். திரும்பாமலே கேட்டார்.

"மூணு நிமிஷம்னு நீதான் போட்டியா?"

"எதை?"

"டிப்போவுல ஒட்டியிருக்கானே, உன் பேரைப் போட்டு. ஒரு வாரமா எல்லாரும் என்னைத்தான் கேக்கறாங்க. உன் பொண்டாட்டிக்கு நாங்க என்ன பாவம் பண்ணோம்னு. நான் தண்ணி குடிக்கிறதையே விட்டுட்டேன். அப்பவும் இன்னிக்கு முடியல. பஸ் நிறைய ஜனம். எந்திரிக்கவும் முடியல, ஓட்டவும் முடியல. புரியுதா உனக்கு?"

எனக்குப் புரிந்தது. ஐம்பத்து மூன்று வயது மனிதர். அறுபது பேர் உட்கார்ந்திருக்கிற பஸ்ஸை ஓட்டிக்கொண்டு, சீட்டிலேயே.

"நான் ஏழுதாங்க போட்டேன்" என்றேன். "சத்தியமா ஏழுதான் போட்டேன்."

"அப்படின்னா அதை எழுதிக் குடு. ஆனா இன்னிக்கு நடந்ததை எவன்கிட்டயும் சொல்லாதே. என் பேரை எடுத்தே, அப்புறம் நான் அந்த டிப்போ வாசப்படி ஏற மாட்டேன்."

மறுநாள் காலை நேராக மயிலிறகின் மேஜைக்குப் போனேன். "என் பேரை ஏன் போட்டீங்க?" என்று கேட்டேன். அவர் எழுந்து நின்று எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"சிஸ்டர், அட்டவணை உங்களோடதுதானே? உங்க உழைப்பை நான் திருட முடியுமா? மனசு கேக்கல. அதான் உங்க பேரையே போடச் சொன்னேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இவர் பூசணிக்காயை என் தலையில் வைத்துவிட்டு, கிரீடம் என்கிறார். அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அக்கா திரைக்குள்ளேயே போய்விடுகிற மாதிரி கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் டிரைவர்கள் சங்கம் கடிதம் கொடுத்துவிட்டது: ஏழு நிமிடம் திரும்ப வராவிட்டால் திங்கட்கிழமை பஸ் ஓடாது. இயக்குநரே பேச்சுவார்த்தைக்கு உட்காருவதாக ஏற்பாடு. அதற்கு முந்தின நாள் மேலாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் ஒரு தாள். நாலு வரி. 'கவனக்குறைவால் ஏழுக்குப் பதில் மூன்று என்று பதிந்துவிட்டேன். வருந்துகிறேன்.' அடியில் என் பெயர் தட்டியிருந்தது. கையெழுத்துத்தான் பாக்கி.

"சின்ன விஷயம்மா. நீ போட்டுட்டா எல்லாம் அடங்கிடும். இயக்குநர் இதை எல்லார் முன்னாடியும் பாராட்டிட்டாரு. இப்ப அது தப்புன்னா அவருக்கு எப்படி இருக்கும்? கைத்தவறுன்னா யாருக்கும் சங்கடமில்ல. அந்தத் தலைவர் நாற்காலி ரொம்ப நாளா காலியா இருக்கு. அதுக்கு உன்னைத்தான் மனசுல வச்சிருக்கேன்."

அந்த நாற்காலி எனக்கு வேண்டாம் என்று சொன்னால் பொய். ஆறு வருஷமாக வேண்டும். உட்கார்ந்தால் இந்தப் பெயர் விளையாட்டை முதல் நாளே நிறுத்தியிருப்பேன். ஒரு நிமிடம் தாளைப் பார்த்தேன். பால்கனியில் தொங்கின பேன்ட் கண்ணில் வந்தது.

"நாளைக்குக் கொண்டுவரேன் சார்" என்று தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

கூட்டம் காலை பத்து மணிக்கு. நீள மேஜையின் தலைப்பக்கம் இயக்குநர். ஒரு பக்கம் மேலாளர், மயிலிறகு, நான், குறிப்பெடுக்க அக்கா. எதிர்ப்பக்கம் சங்கச் செயலாளரும் இரண்டு டிரைவர்களும். அந்த இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன். ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். இயக்குநர் இரண்டு தம்ளர் தண்ணீரும் இரண்டு கப் காபியும் குடித்தார். மேலாளர் என்னைப் பார்த்துக் கண் ஜாடை காட்டினார். "இது எப்படி நடந்ததுன்னு இவங்களே சொல்வாங்க" என்று தொடங்கினார்.

அப்போது இயக்குநர் எழுந்தார். "ஒரு நிமிஷம். வந்துடறேன்" என்று வெளியே போனார்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். தொழில் புத்தி. பதினொன்று முப்பத்தொன்று. நோட்டில் குறித்தேன். கழிப்பறை அதே மாடியில், நடைபாதையின் கடைசியில். சாலை இல்லை, சிக்னல் இல்லை, வரிசை இல்லை. அவர் கையைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்து உட்கார்ந்தபோது மறுபடியும் பார்த்தேன்.

"சொல்லுங்கம்மா" என்றார்.

"ஆறு நிமிஷம் நாற்பது செகண்ட் சார்."

"என்னது?"

"நீங்க போயிட்டு வந்தது. உங்க பஸ் கிளம்பிப் போய் மூணு நிமிஷம் நாற்பது செகண்ட் ஆச்சு."

மேலாளரின் முகத்தில் ரத்தம் இல்லை. எதிர்ப்பக்கத்து டிரைவர் ஒருவர் குனிந்து மேஜையின் அடியில் எதையோ தேடுகிற மாதிரி சிரிப்பை அடக்கினார்.

நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடியும் வாய் வராது என்று தெரியும். "இன்ஜின் ஆறன்னு எழுதியிருக்கோமே, அது பொய் சார். டீசல் பஸ்ஸிலேயே அது பொய். அது டிரைவருங்க ஒண்ணுக்குப் போற நேரம். எழுதறதுக்கு வெக்கப்பட்டுக்கிட்டு இன்ஜின் மேல போட்டோம். நானும் போட்டேன், அது என் தப்பு. அதுக்கு மட்டும் நான் மன்னிப்புக் கேக்கறேன். ஆனா ஏழை மூணாக்கினது நான் இல்ல. கைத்தவறும் இல்ல. உங்ககிட்ட வந்த பிரதியில யார் பேரு இருக்குன்னு பாருங்க. டிப்போவுல யார் பேரு இருக்குன்னும் பாருங்க." பையிலிருந்து அந்த மன்னிப்புத் தாளை எடுத்துக் கையெழுத்தில்லாமல் மேஜையின் நடுவில் வைத்தேன்.

"அப்ப யார் மாத்தினது?" என்றார் சங்கச் செயலாளர்.

மயிலிறகு மேற்கூரையைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்காவின் பேனா ஓடிக்கொண்டே இருந்தது.

"அது எங்க உள் விவகாரம்" என்றார் மேலாளர்.

"நடந்தது நடந்துபோச்சு" என்றார் இயக்குநர். அவருடைய காது இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. "ஏழு நிமிஷம் திரும்பக் கொடுத்துடுங்க. முடிஞ்சது."

கூட்டம் முடிந்ததும் கை கழுவுகிற இடத்தில் அக்கா என் தோளைத் தொட்டார். "நல்லா கேட்டேம்மா. எனக்கே அழுகை வந்துடுச்சு. நீ சொன்னது நூத்துக்கு நூறு உண்மை."

"அதை உள்ள சொல்லியிருக்கலாமே அக்கா?"

"எனக்கு எதுக்கும்மா வம்பு? இன்னும் நாலு வருஷம் ஓட்டணும்."

அவரிடம் கோபப்பட்டுப் பயனில்லை என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அவர்மேல்தான் அதிகக் கோபம் வந்தது, இன்னும் இருக்கிறது. மயிலிறகு பொய்யர் என்பது ஊருக்கே தெரியும். உண்மையைத் தெரிந்துகொண்டு கழிப்பறையில் வந்து ரகசியமாகப் பாராட்டுகிறவர்களால்தான் மயிலிறகுகள் பிழைக்கிறார்கள்.

மூன்று வாரம் கழித்து இரண்டு சுற்றறிக்கை ஒன்றாக வந்தது. முதலாவது: பிரிவுத் தலைவராக மயிலிறகு பொறுப்பேற்கிறார். இரண்டாவது: புதிய அட்டவணை. கடைசி நிறுத்தத்தில் 'ஊழியர் நல்வாழ்வு இடைவெளி: 7 நிமிடம்' என்று இருந்தது. நல்வாழ்வாம்! தயாரித்தவர், மயிலிறகு. கம்பெனியின் மாதப் பத்திரிகையில் அவர் படத்தோடு ஒரு பக்கம் வேறு: டிரைவர்களின் வலியை உணர்ந்த மனிதர்.

படித்து முடித்தேன். அழுகை இல்லை. நாற்காலி போனதுகூட அப்புறம்தான் உறைத்தது. அறுபது பேர் முன்னால் என் வீட்டுக்காரரை அந்த நிலைக்குக் கொண்டுவந்த ஆளுக்கு அவருடைய வலிக்காகவே பாராட்டு.

அன்றைக்கே அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். சிவப்புப் பேனா ஒன்று எடுத்துக்கொண்டு நாலு டிப்போவுக்கும் எங்கள் பஸ்ஸிலேயே போனேன். ஒவ்வொரு அறிவிப்புப் பலகையிலும் 'நல்வாழ்வு இடைவெளி' என்பதை அடித்து 'கழிப்பறை' என்று எழுதினேன். தயாரித்தவர் கட்டத்தில் இருந்த பெயரை அடித்து என் பெயரை எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டேன். எழுதும்போது டிரைவர்கள் கூடி நின்று பார்த்தார்கள். என் வீட்டுக்காரரும் நின்றார். பேனா எழுதாமல் போனபோது தன் சட்டைப்பையிலிருந்து வேறொன்றை எடுத்து நீட்டினார்.

மறுநாள் மேலாளர் அறையில் கூப்பாடு. மயிலிறகு ஓரமாக, மனம் புண்பட்டவர் மாதிரி நின்றிருந்தார்.

"ஆபீஸ் தாளைத் திருத்தறது எவ்வளவு பெரிய குத்தம் தெரியுமா? மெமோ கொடுத்து, விசாரணை வச்சு, வேலையை விட்டே தூக்கலாம்!"

"வைங்க சார்" என்றேன். "எழுத்துல வைங்க. யார் போட்ட தாளை யார் திருத்தினாங்கன்னு முறையா விசாரிங்க. ஏழு மூணான அன்னையிலருந்து ஆரம்பிங்க. அக்காவையும் கூப்பிடுங்க, சத்தியம் வாங்கிட்டுக் கேளுங்க. நான் எல்லாத்துக்கும் பதில் சொல்றேன்."

மேலாளர் மயிலிறகைப் பார்த்தார். மயிலிறகு ஜன்னலைப் பார்த்தார்.

இரண்டு மாதமாகிறது. பலகையில் நான் எழுதினது அப்படியே இருக்கிறது. மெமோ வரவில்லை. அதற்காக நான் விட்டுவிடவில்லை. தினமும் காலையில் கையெழுத்துப் போட்டதும் மேலாளர் அறை வாசலில் போய் நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் என் இடத்துக்குப் போகிறேன்.

"சார், என் மெமோ ரெடியா?"