இரட்டை விசில்

கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தான். வண்டி நகரவில்லை.

மார்க்கெட் ஸ்டாப்பில் ஏற வேண்டியவர்கள் ஏறியாகிவிட்டது. மறுபடியும் ஊதினான். டிரைவர் இருக்கையிலிருந்து அவன் மனைவி கண்ணாடி வழியாக அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் கியரைப் போட்டாள்.

அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டதோ?

தொலைதூர வண்டிக்கு அவளைப் போடலாமா என்று நேற்று மேனேஜர் அவனிடம்தான் கேட்டார். வருடக்கணக்காக அவள் கேட்டுக்கொண்டிருந்த வண்டி. வாரத்தில் இரண்டு ராத்திரி வெளியூரில் தங்க வேண்டியிருக்கும். "அவளுக்கு இஷ்டமில்ல சார்" என்று வாய்கூசாமல் சொல்லிவிட்டு வந்திருந்தான். இன்று மதியம் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அதுவரை அவள் மேனேஜர் கண்ணில் படாமலிருந்தால் போதும்.

"என்ன தம்பி, டிரைவரம்மா மூஞ்சி உர்ருன்னு இருக்கு? காலையில காப்பி போட்டுக் குடுக்கலியா நீ?" என்றாள் படியருகே கூடையோடு நின்ற மீன்காரம்மா. வண்டியே சிரித்தது.

"டிக்கெட்ட எடும்மா. உன் கூடை நாத்தமே தாங்கல."

"உன் வாய விடவா?"

அவன் முன்னால் போய்க் குரலைத் தணித்தான். "என்ன ஆச்சு உனக்கு?"

"வண்டி ஓடுறப்ப டிரைவர்கிட்ட பேசக்கூடாது. எழுதிப் போட்டிருக்குல்ல?" அவள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அதன்பின் ஸ்டாப்புக்கு ஸ்டாப் அதே கதைதான். அவன் ஊதுவான். ஒரு மூச்சு நேரம் கண்ணாடியில் அவள் கண்கள் நிற்கும். பிறகு வண்டி நகரும்.

டிப்போவில் எல்லோரும் இறங்கியதும் அவள் இன்ஜினை அணைத்தாள்.

"மேனேஜர் இன்னைக்குச் சீக்கிரமே வந்துட்டாரு. 'ஏம்மா வேணாம்னுட்ட'ன்னாரு. திருதிருன்னு முழிச்சேன். எனக்கு இஷ்டமில்லன்னு எப்பங்க சொன்னேன்?"

"பாப்பாவ யாரு பாத்துப்பா? அதான்..."

"நீங்க லாங் ரூட் போனப்ப யாரு பாத்துக்கிட்டா? என்னைக் கேட்டுட்டா போனீங்க?"

"வீட்ல பேசிக்கலாம். எல்லாரும் பாக்குறாங்க."

"வீட்ல நீங்க பேசுவீங்க, நான் உம் கொட்டணும். போறேன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன். புருஷனக் கூட்டிட்டு வான்னாரு. வாங்க. சொன்ன வாயாலயே மாத்திச் சொல்லுங்க."

மேனேஜர் அறையில் டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். "என்னப்பா, பேசி முடிச்சாச்சா?" என்றார் மேனேஜர்.

இன்னொரு முறை 'அவளுக்கு இஷ்டமில்ல' என்று அவன் சொன்னால் போதும், அவள் கதை முடிந்தது. அவள் அவனைப் பார்க்கவே இல்லை. மேனேஜரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மேனேஜர் பக்கம் திரும்பினான்.

"நான் அவளைக் கேக்காமலே சொல்லிட்டேன் சார்."

"அப்போ வீட்டு ஸ்டியரிங்கும் அண்ணிகிட்டதானா அண்ணே?" என்றான் ஒருவன். டீ புரையேறச் சிரித்தார்கள். அவனுக்குக் காது சுட்டது.

மேனேஜர் சிரிக்கவில்லை. மறுபடியும் அவனிடமே கேட்டார்: "சரி, அனுப்பட்டுமா?"

சரி என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டான்.

"அவளைக் கேளுங்க சார்."

"போறேன் சார்," என்றாள் அவள்.

வண்டிக்குத் திரும்பும்போது கேட்டான்: "இப்ப சரியாப் போச்சுல்ல?"

"இல்ல. கோவம் அப்படியேதான் இருக்கு." அவள் ஏறி உட்கார்ந்தாள். "பாப்பாவுக்குத் தலை பின்னக் கத்துக்குங்க. அவ துள்ளுவா. அதட்டாம பின்னணும்."

ஆட்கள் ஏறினார்கள். அவன் விசிலை வாயில் வைத்தான். உடனே ஊதவில்லை. கண்ணாடியில் அவள் தலையசைக்கும்வரை காத்திருந்தான்.