ஒரு ஸ்பூன் தண்ணீர்

பஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து மனைவி பிரெசில்லாவின் உதட்டில் ஒற்றினார் சந்தியாகு. எடுக்கும்போது உதட்டுத் தோலும் பஞ்சோடு கொஞ்சம் வந்தது. மறுபடி நனைத்தார். விடிந்ததிலிருந்து இதுதான் வேலை. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பி இன்றோடு ஐந்து நாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது விடுகிற மூச்சில் பாதிகூட அவளிடம் இல்லை.

"சாமியாரு எப்ப வாராராம்?" என்று மகளிடம் கேட்டார்.

"பூச முடிச்சிட்டுப் பத்து மணிக்குள்ள வாரேன்னாரு. நீங்க ஒரு வாய் காப்பி குடிங்கப்பா."

"பொறவு குடிக்கிறேன்."

ஷெரின் தூத்துக்குடியிலிருந்து லீவு போட்டு வந்திருந்தாள். மணிக்கொரு தரம் அம்மாவின் கண்ணில் சொட்டு மருந்து விடுவது அவள் பொறுப்பு. இமையை விலக்கி இரண்டு சொட்டு விட்டாள். ஒரு சொட்டு கடைக்கண்ணில் வழிந்து காதுப்பக்கம் இறங்கியது. அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தாள் சந்தியாகுவின் அக்கா லூர்து மேரி.

"அழுகுறாளே. பாவம், உசிரு பிரியிற நேரத்துலயாவது கண்ணு கலங்குச்சே."

"மருந்து அத்த, அது" என்றாள் ஷெரின்.

லூர்து மேரி அதோடு விடுகிற ஆள் இல்லை. ஆனாலும் அன்றைக்கு விட்டாள். தன் தாய் செத்தபோது மருமகளான இவள் கண்ணில் பொட்டு நீர் வரவில்லை என்று தங்கச்சிமடம் முழுக்கச் சொல்லித் திரிந்தவள் அவள்தான். அப்போது யாருக்குத் தெரியும், பிரெசில்லாவின் கண்ணுக்குள் ஊறுவதற்கே ஒன்றும் இல்லை என்று. மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறது என்பாள். கண் டாக்டர் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். பல் ஒவ்வொன்றாகப் பொடிந்தது. ராமநாதபுரத்தில் பல் டாக்டர் பதினொரு பல்லைப் பிடுங்கினார். மூட்டுக்கு ஒரு டாக்டர். காலிலிருந்து செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் ரோட்டில் நடந்து வந்தாள், அதற்கு ஒரு டாக்டர். ஒருநாள் காலையில் கையைத் தூக்க முடியாமல் கிடந்தாள், சிறுநீரகம் உப்பைக் கோட்டை விடுகிறது என்றார்கள். ஆளுக்கொரு உறுப்பைப் பார்த்தார்களே தவிர, ஆளைப் பார்த்தவர் இல்லை. எந்த நேரமும் ஒரு நோவு, இது என்ன ஜென்மமோ என்று சந்தியாகுவும் அலுத்துக்கொண்டது உண்டு.

ஆனால் அவர் நெஞ்சில் முள்ளாகக் குத்துவது அந்த அலுப்பு இல்லை. அது வேறு.

பூசையில் சாமியார் கொடுக்கும் அப்பத்தை அங்கே நன்மை என்பார்கள். நாக்கில் வைத்ததும் கரைந்துவிடும், பூப்போல மெல்லிசு. முதல்முதலாக நன்மை வாங்கப்போகிற பிள்ளைகளிடம் அந்த ஊரில் பெரியவர்கள் ஒரு பயத்தைச் சொல்லி வைப்பார்கள். சாமியாரிடம் சொல்லாத பாவம் ஒன்று உள்ளே இருந்தால் நன்மை தொண்டையில் இறங்காது, மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எந்த வேதப் புத்தகத்திலும் இது கிடையாது. கிடையாது என்பதால் யாரும் நம்பாமல் இருந்ததும் இல்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், அந்தோணியார் திருநாள் பூசையில், பிரெசில்லாவின் வாயில் அது ஒட்டிக்கொண்டது. நாக்கால் தள்ளிப் பார்த்தாள், வரவில்லை. இருமல் வந்தது. இருமின இருமலில் நன்மை வெளியே வந்து தரையில் விழுந்தது. சாமியாருக்கு உதவியாக நின்ற உபதேசியார் ஓடிவந்து முட்டி போட்டு அதை எடுத்தார். அந்த இடத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவினார். கோயில் நிறைய சனம் பார்த்துக்கொண்டிருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அன்றைக்கு மத்தியானம் வீட்டுக் கொல்லையில் அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"வாயில எச்சியே இல்லைங்க. காஞ்சு போயிக் கெடக்கு" என்றாள்.

"ஊருல அத்தன பேரு வாயிலயும் கரையுது. ஒன் வாயில மட்டும் ஒட்டுமோ?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். வாரத்தில் மூன்று ராத்திரி படகில் கழிக்கிற மனுஷன். அக்கா காலையில் காதில் போட்டது உள்ளே கிடந்து புழுங்கிக்கொண்டிருந்தது.

"நான் கடல்ல கெடக்கயில இங்கன என்ன நடக்குது?"

பிரெசில்லா அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கையிலிருந்த மீனை வெட்டி முடித்தாள். உப்புப் போட்டுக் கழுவினாள். குழம்பு வைத்து அவருக்குச் சோறும் போட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கோயிலில் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில். எல்லோரும் நன்மை வாங்க வரிசையில் போகும்போது அவள் மட்டும் உட்கார்ந்திருப்பாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மூச்சு வாங்குகிறது என்று மதுரைக்குக் கூட்டிப் போனபோதுதான் ஒரு டாக்டரம்மா அத்தனை சீட்டுகளையும் மேஜையில் பரப்பிப் படித்தார். எல்லாம் ஒரே நோய் என்றார். ஒரு வெள்ளைக்காரப் பேர் சொன்னார். நோயை எதிர்க்க வேண்டிய சக்தி தன் உடம்பையே எதிர்க்கிறது, அதில் கண்ணீரும் எச்சிலும் முதலில் வற்றும், பிறகு நரம்பு, சிறுநீரகம், இப்போது நுரையீரல் வரை போய்விட்டது என்று சொன்னார். சந்தியாகு அதைத் தன் கணக்கில் புரிந்துகொண்டார். சொந்த வலையே சொந்தப் படகின் அடியில் சுழலும் விசிறியில் சுற்றிக்கொள்வது உண்டு.

"ரொம்ப வருஷமாவே இருந்திருக்கும். பிஸ்கட், ரொட்டி எல்லாம் வாயில ஒட்டிக்குமே, ஒட்டலையாம்மா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"ஒட்டும்" என்றாள் பிரெசில்லா.

சந்தியாகு சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது பஸ் பாம்பன் பாலத்தில் ஏறியது. காற்று முகத்தில் அடித்தது. இப்போது சொல்லிவிட வேண்டும் என்று அவள் பக்கம் திரும்பினார்.

"தண்ணி குடிக்கிறியா?" என்றுதான் வந்தது.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தபோதெல்லாம் அந்த ஒரே கேள்விதான் வந்தது. அவளும் பாட்டிலை வாங்கிக் குடிப்பாள். இன்று காலை ஷெரினிடம் ஜாடையில் சாமியாரைக் கேட்டாள். நன்மை வேண்டும் என்று காட்டினாள். அப்போதிருந்து சந்தியாகுவுக்கு அதே நினைப்புதான். தண்ணீரே இறங்காதபோது அது எப்படி இறங்கும்? மறுபடி வெளியே வந்துவிட்டால்?

பத்து மணிக்குச் சாமியார் வந்தார். இந்த வருஷம்தான் பங்குக்கு வந்த இளவயசுக்காரர். செபம் சொல்லி, நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசினார். பிறகு ஷெரினைப் பார்த்தார்.

"ஒரு ஸ்பூன்ல கொஞ்சம் தண்ணி கொண்டு வாம்மா."

நன்மையில் நகக்கண் அளவு கிள்ளி அந்த ஸ்பூன் தண்ணீரில் போட்டார். பிரெசில்லாவின் தலையைச் சந்தியாகு தூக்கிப் பிடித்தார். ஸ்பூன் உதட்டில் சாய்ந்தது. தொண்டை ஒருதரம் அசைந்தது. இறங்கிவிட்டது. ஒரு தும்மல் போடுகிற நேரம்கூட ஆகவில்லை.

வாசல் வரைக்கும் சாமியாரோடு போனார் சந்தியாகு.

"தண்ணியில கொடுக்கலாமா சாமி?"

"தாராளமா. முழுங்க முடியாதவங்களுக்கு அப்படித்தான் கொடுப்போம்."

"கோயில்லயும்?"

"கேட்டாக் கொடுப்போம். ஏன் கேக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல சாமி."

ஒன்பது வருஷம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூட்டினாலே எத்தனை பூசை. ஒரே ஒரு நாள் அவளுக்காக ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல், கேட்கக் கூடாததை அவளிடம் கேட்ட வாய் இது. வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவருக்குக் கண்ணீர் தாராளமாக வந்தது.

உள்ளே போய் அக்காவையும் மகளையும் வெளியே இருக்கச் சொன்னார். கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தார்.

"பிரெசி. அன்னைக்கி ஒன்னய ஒண்ணு கேட்டேன்ல. மீன் வெட்டிக்கிட்டு இருந்தப்ப." மெஷின் சத்தத்தில் தன் குரல் அவருக்கே கேட்கவில்லை. இன்னும் கிட்டே குனிந்தார். "கேட்டிருக்கக் கூடாது. நான் பாவி."

அவள் கண் திறந்தது. அவரைப் பார்த்தாள். அதே பார்வை மாதிரி இருந்தது, அன்றைக்கு மீன் கழுவுவதற்கு முன்னால் பார்த்தாளே, அது. உதடு பிரிந்தது. அவர் காதை வைத்தார்.

"தண்ணி" என்றாள்.

ஸ்பூனில் கொடுத்தார். குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். அவர் சொன்னதைக் கேட்டுவிட்டுத்தான் தண்ணீர் கேட்டாளா, ஒன்றுமே காதில் விழாமல் தாகத்துக்குக் கேட்டாளா? இனி யாரிடம் போய்க் கேட்பது. மத்தியானம் ஒன்றேகாலுக்கு மூச்சு நின்றது. மெஷின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. ஷெரின் வந்து அதை நிறுத்தினாள்.

மறுநாள் சாயங்காலம் அடக்கப் பூசை. பெட்டிக்குப் பக்கத்தில் முதல் வரிசையில் சந்தியாகுவை உட்கார வைத்திருந்தார்கள். நன்மை கொடுக்கிற நேரம் வந்தது. வீட்டுக்காரர் முதலில் வாங்கட்டும் என்று எல்லோரும் ஒதுங்கி வழி விட்டார்கள். அவர் எழுந்தார். பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டார். பிறகு முன்னால் போகாமல் திரும்பி, வரிசைக்கு எதிராக நடந்து, கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

லூர்து மேரி பின்னாலேயே வந்தாள்.

"ஏலே, இங்கன வந்து ஒக்காந்துட்ட? நன்ம வாங்கலையா?"

"இல்லக்கா."

"ஏன்? ஊரே திரும்பிப் பாக்குது."

"பாக்கட்டும். எனக்கு எறங்காது."

தம்பியின் முகத்தைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனாள்.

பெஞ்சின் ஓரத்தில் பாலீஷ் போன ஒரு வட்டம் இருந்தது, தண்ணீர் பாட்டிலின் அடிப்பாகம் அளவுக்கு. வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. திரும்பி வருகிறவர்கள் ஒவ்வொருவராக அவரைப் பார்த்துக்கொண்டே போனார்கள். அந்த வட்டத்தின் மேல் உட்கார்ந்துவிடாமல் அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.