விமலாதேவியின் பாலிகையும் மிச்சிக்கோவின் சோறும்

"முளைக்காத பாலிகைக்கு முன்னால என்ர பிள்ளை மணவறையில குந்தமாட்டான்! சொல்லிப்போட்டன்!"

"என்னில என்ன பிழை அக்கா? பக்கத்து வீட்டு யப்பான்காரி செத்த விதையைத் தந்து ஏமாத்திப்போட்டாள்!"

விமலாதேவியின் குசினியில் எழுந்த சத்தம் டண்டினொங் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும். முதலில் கத்தியது சத்தியபாமா, மாப்பிள்ளை விக்னராஜாவின் தாய். மற்றது பெண்ணைப் பெற்ற விமலாதேவிதான்.

கலியாண வீட்டில் பாலிகை என்று நவதானியத்தைச் சட்டியில் விதைத்து, முளை பச்சையாய் நின்றால்தான் குடும்பம் தழைக்கும் என்று நம்மவர்க்கு ஓர் எண்ணம். எழுபத்து நாலில் மெல்பேணில் நவதானியத்துக்கு எங்கே போவது? ஊரிலிருந்து வந்த பொட்டலத்தைச் சுங்கத்தில் பறித்துவிட்டார்கள். அப்போதுதான் பக்கத்து வீட்டு யப்பான்காரி மிச்சிக்கோவின் அலுமாரியில் ஒரு தானியப் போத்தல் விமலாதேவியின் கண்ணில் பட்டது. வெள்ளைக்காரனைக் கட்டி வந்தவள் மிச்சிக்கோ. வாற்கோதுமை, தினை, சாமை, சிவப்புப் பயறு எல்லாம் கலந்து, அரிசியோடு போட்டுச் சோறாக்குவாள்.

"எதற்கு?" என்று அவள் கேட்டபோதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் தானோ படித்த பெண்பிள்ளை, சட்டியில் முளை வளர்த்துக் கும்பிடுகிறோம் என்று எப்படிச் சொல்வது? "சமைக்கத்தான்" என்றாள் விமலாதேவி. மிச்சிக்கோ பாவம், ஊறவைப்பது, தண்ணீரைக் கொஞ்சம் கூட விடுவது, அடுப்பை அணைத்த பிறகும் மூடியைத் திறக்காமல் விடுவது எல்லாம் காட்டித் தந்தாள். இவள் நன்றாகத் தலையாட்டிவிட்டு வந்து, விதைத்தாள்.

உமி நீக்கித் தீட்டிய தானியம் முளைக்குமா? சிவப்புப் பயறு மட்டும் அங்கொன்று இங்கொன்றாய் எட்டிப் பார்த்தது.

விமலாதேவியின் விரல் பக்கத்து வீட்டு வேலியைக் காட்டி நின்ற நேரம் பார்த்து, குசினி வாசலில் மூடிய சட்டியோடு மிச்சிக்கோ. சோறு எப்படி வந்தது என்று கேட்கவும், தான் ஆக்கியதைத் தரவும் வந்திருந்தாள். தமிழ் தெரியாது. விரல் விளங்கியது.

கலியாணப்பெண் யோகா எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் கொட்டிவிட்டாள்.

"சமைக்கவென்றுதானே கேட்டீர்கள்?" என்றாள் மிச்சிக்கோ மெதுவாக, அவளும் ஆங்கிலத்தில். சத்தியபாமாவுக்கும் ஆங்கிலம் தெரியும், அதுதான் கொடுமை.

"ஓ! அப்ப ஏமாத்தினது ஆர், சம்பந்தி?"

குளிர்ப்பெட்டிக்குப் பின்னால் இடமிருந்தால் விமலாதேவி போய் நின்றிருப்பாள்.

மிச்சிக்கோ சட்டியை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் அவளுடைய கிளிக்குப் போடும் தினை, உமியோடு. "இது முளைக்கும்" என்று வைத்துவிட்டுப் போய்விட்டாள். முளைத்தது. கலியாணத்தன்று பச்சைப்பசேலென்று நின்றது. சத்தியபாமா சபையில் வாயைத் திறக்கவில்லை, பிறகு கலியாணத்துக்கு வந்த எங்களிடம் திறந்தாள்.

கலியாணம் முடிந்ததும் விமலாதேவி போத்தலில் மிஞ்சியதை அரிசியோடு போட்டு ஆக்கினாள். பழக்கதோஷம், கஞ்சியை வடித்துவிட்டாள். வாற்கோதுமை பல்லுக்குப் பிடிகொடுக்கவில்லை. அதைத்தான் கோப்பையில் போட்டு வேலிக்கு மேலால் நீட்டினாள்.

மிச்சிக்கோ ஒரு வாய் மென்று பார்த்தாள். "வடித்தீர்களா?"

"ஓம்" என்று தமிழிலேயே வந்தது. தலை நிமிரவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் வந்தவள். அதற்குப் பதிலாகக் கோப்பையை இன்னும் கொஞ்சம் நீட்டினாள். மிச்சிக்கோ நின்ற நிலையிலேயே கோப்பை முழுவதையும் மென்று முடித்தாள்.

யோகாவும் விக்னராஜாவும் சிட்னிக்கு, டூங்கபிப் பக்கம் குடிபோனார்கள். மாமியார் பெட்டியோடு பின்னாலேயே. அடுத்த வருடம் மிச்சிக்கோ புருஷனோடு பிரிஸ்பேனுக்குப் போகும்போது கிளிக்கூட்டை விமலாதேவியிடம் விட்டுப் போனாள். யார் கேட்டாலும் விமலாதேவி கடையில் வாங்கிய கிளி என்றுதான் சொல்வாள்.