மூக்கனை எழுதிக்கொடுத்த வெள்ளிக்கிழமை

உறையூர் மூக்கனின் மூக்கைப் பற்றி மிகைப்படுத்திச் சொல்வது பாவம். மழை வந்தால் அதன் கீழே இரண்டு பேர்தான் ஒதுங்கலாம், மூன்றாமவர் நனைவார். பஜ்ஜிக்கடையை மூடிவிட்டு அவர் தெருமுனை திரும்பினால், டவுன் பஸ் நின்று மூக்குக்கு வழிவிடும். மிச்ச மனிதர் வரும்வரை டிரைவர் ஒரு டீ குடித்துவிடுவார்.

அவர் மகள் இளவேனில் அந்த மூக்கை வரைந்தாள். கூட்டாளி வளவன் அதைக் கம்ப்யூட்டரில் ஓடவைத்தான். தில்லை நகரில் பல் ஆஸ்பத்திரி மாடியில் இருவரும் செய்த ‘மூக்கன்’ கேமில், கொள்ளிடக்கரை உடைந்தால் நாயகன் மூக்கை வைத்து அடைப்பான். திருச்சியில் அதைப் போனில் ஆடாதவர்கள் இன்னும் பிறக்காத குழந்தைகள்தான். அவர்களிலும் சிலர் மேல் சந்தேகம் உண்டு.

வெளிநாட்டு கன்சோல் கம்பெனி ஒன்று இரண்டாம் பாகத்தைக் கேட்டது. டிவியில் மாட்டி ஆடும் அவர்களுடைய பெட்டியில் மட்டுமே வரவேண்டும், போனில் கூடாது. இளவேனில் சம்மதிக்கமாட்டாள் என்று வளவனுக்குத் தெரியும். அவள் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த வெள்ளிக்கிழமை, ஒப்பந்தத்தைத் திறந்தான். நாலு பக்கம் படிப்பதற்குள் ராகுகாலம் நெருங்கிவிட்டது. நல்ல நேரம் தவறக்கூடாதென்று மீதியைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டான். இத்தனை வேகமாக முடிவெடுக்கும் முதலாளியைக் கண்டதில்லையென்று வெள்ளைக்காரர்கள் வீடியோ காலில் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

பழைய கேமும் போன்களிலிருந்து மறைந்த அன்றுதான் வளவன் மீதிப் பக்கங்களைப் படித்தான். மூக்கனின் உருவம், பெயர், பழைய கேம், இனி வரும் பாகங்கள் எல்லாமே கம்பெனிக்கு.

அன்று மாலையே அப்பாவும் மகளும் மாடியேறி வந்தார்கள்.

“என்ன தம்பி, மூக்கனைக் காணோம்? கடைக்கு வர்ற பசங்க என்னைப் பிடிச்சுத் திட்டுறானுங்க.”

“சர்வர் கோளாறா வளவா?” என்றாள் இளவேனில்.

ஆமாம் என்று சொல்லத்தான் வளவன் வாயைத் திறந்தான்.

“வித்துட்டேன்.”

“ரெண்டாம் பாகத்தையா?”

“மூக்கனையே.”

“படிச்சுப் பார்த்துட்டுத்தானே கையெழுத்துப் போட்டே?”

“ராகுகாலம் வந்துருச்சு.”

அவன் காது சுட்ட சூட்டில், கீழே பல் டாக்டர் ஏசியைக் கூட்டினார்.

மூக்கன் தோளிலிருந்த துண்டை எடுத்து மெல்ல மூக்கை மூடிக்கொண்டார்.

“அப்ப இதை வெளியில காட்டலாமா தம்பி? அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே?”

கேலியாகக் கேட்டிருந்தால் வளவன் பிழைத்திருப்பான். அவர் நிஜமாகவே கேட்டார்.

“துண்டை எடுங்கப்பா,” என்ற இளவேனில் வளவன் பக்கம் திரும்பினாள். “வேற ஒருத்தனை வரையறேன். அவன் என் பேர்ல இருப்பான். கையெழுத்தும் நான்தான் போடுவேன். இருக்கியா, போறியா?”

வளவன் தன் நாற்காலியிலிருந்து எழுந்தான். மேசையைச் சுற்றி வந்து, வேலை கேட்டு வருகிறவர்கள் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியில், யாரும் சொல்லாமலே உட்கார்ந்தான்.