கன்னியம்மா கேட்டு வாங்கிய கணக்கு

பழவேற்காட்டு ஏரியில் பிடித்த நண்டில் பெரிதாகப் பார்த்து எடுத்துக்கொண்டுதான் கன்னியம்மா தலைமை ஆசிரியர் வீட்டுக்குப் போனாள். மகள் குணசுந்தரி எட்டாவது முடித்திருந்தாள். இனி பதினோராவதில் எழுதும் எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் பொதுக் கணக்கா, கஷ்டமான காம்போசிட் கணக்கா என்று பள்ளியில் பிரித்துவிடுவார்கள். காம்போசிட் எடுத்த பக்கத்து வீட்டு கோபால் பரீட்சையில் கோட்டைவிட்டு, இப்போது வலை இழுத்துக்கொண்டிருந்தான்.

"அந்தக் கணக்கு வாணாம் சார். பெயிலாயி ஊட்டுல குந்திக்கினான்னா அவ நைனா கல்யாணத்தப் பண்ணிடுவாரு. நெறைய மார்க்கு வர்ற கணக்கா குடுங்க."

"கணக்கு நல்லாப் போடுற பொண்ணும்மா."

"அதுக்குத்தான் சார். கணக்கு டீச்சராவணும்ன்றா. மார்க்கு இருந்தாதான காலேஜுல சேத்துப்பாங்க?"

"மார்க்கு மட்டும் போதாதும்மா, அந்தக் கணக்கு..." என்று அவர் ஆரம்பித்தார். முடிப்பதற்குள் கன்னியம்மா பொலபொலவென்று அழுதுவிட்டாள். காரியம் ஆகவேண்டுமென்றால் அவளுக்குக் கண்ணீர் கைமேல் வரும். பெற்றவள் அழுதால் எந்த வாத்தியார்தான் தாங்குவார்? நண்டை வேண்டாமென்று திருப்பிக் கொடுத்தவர், பெண்ணைப் பொதுக் கணக்கில் போட்டுவிட்டார்.

குணசுந்தரி அன்றைக்குச் சாப்பிடவில்லை. அப்புறம் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவுமில்லை.

அறுபத்தெட்டாம் வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. முடிவு வந்தது. கணக்கில் தொண்ணூற்றாறு, பள்ளியிலேயே முதல். கன்னியம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. குப்பம் முழுக்க மிட்டாய் கொடுத்துவிட்டு, பொன்னேரியில் ரயிலேறி மகளைப் பட்டணத்துக் காலேஜுக்குக் கூட்டிப்போனாள்.

அங்கிருந்த அம்மாள் மார்க்கைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "காம்போசிட் படிக்கலையே. பி.யு.சி.யில கணக்கு குரூப் தரமுடியாது. வரலாறு வேணும்னா சேர்ந்துக்கலாம்."

"தொண்ணூத்தாறு வாங்கிகீறாம்மா!"

"நூறே வாங்கியிருந்தாலும் கிடைக்காதும்மா. அது வேற கணக்கு."

மூன்று வருஷமாக மகள் அதைப்பற்றி ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது கன்னியம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"இவ்வளவு நல்லாப் படிக்கிற பொண்ணை யாரு பொதுக் கணக்குல போட்டது?" அந்த அம்மாளுக்குக் கோபமே வந்துவிட்டது.

கன்னியம்மா எழுந்தாள். அவள் வாயெடுப்பதற்குள் குணசுந்தரி முந்திக்கொண்டாள்.

"நானேதான் கேட்டு வாங்கிக்கினேன் மேடம். சுலபமா இருக்கும்னு."

அம்மாவின் பக்கம் திரும்பாமல், வரலாறு என்று காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். கன்னியம்மாவுக்கு ஓவென்று அழவேண்டும் போலிருந்தது. வாத்தியார் வீட்டில் அத்தனை சுலபமாக வந்த கண்ணீர் அன்றைக்கு வரவில்லை.